சிவப்பு மூடியும் நீல மூடியும்

வடசேரி,
7 ஜனவரி 2024

அன்புள்ள ரீத்தா அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் இருமல் எப்படி, மலைமேல் மடத்தில் குளிர் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போன வாரம் வட்டக்கோட்டை மதிலுக்கு வெளியே சாக்கும் அரிவாளுமாகக் குத்தவைத்து வெட்டுக்காயப்பூண்டு பறித்துக்கொண்டிருந்தேன். பழைய நைட்டி, அதன்மேல் என் வீட்டுக்காரர் சிலுவைதாசனின் கிழிந்த சட்டை, தலையில் துவர்த்துத் துண்டு. கோட்டை பார்க்க வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அந்தக் குடும்பத்து அம்மா கிட்டே வந்து, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான்கு பூரி, உருளைக்கிழங்கு மசால், ஓரத்தில் ஊறுகாய். 'அம்மா, நான் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள்' என்று இந்தியில் சொல்லத் தெரியாததால் வாங்கிக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மை: பசி. மசால் நன்றாக இருந்தது.

இதை வாசிக்கும் மதர் சுப்பீரியர் அவர்களுக்கும் என் வணக்கம். மடத்துக்கு வரும் கடிதம் எல்லாம் உங்கள் கண்ணைத் தாண்டித்தான் அக்காவிடம் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மற்ற வெட்கக்கேடுகளை எழுதவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் பி.எச்.டி. இன்னும் சாகவில்லை. தூண்டிலின் நைலான் நரம்பு அறுத்த கையில் நம் கடற்கரை ஊர் ஆண்கள் கசக்கிப் பிழிந்து வைப்பார்களே, அந்தப் பூண்டு உண்மையிலேயே காயத்தை ஆற்றுகிறதா என்பதுதானே என் ஆய்வு. எட்டு வருஷத்தில் இலையைக் காய்ச்சினேன், வடித்தேன், கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமிகள்மேல் ஊற்றினேன், எலிகளுக்குத் தடவினேன். எல்லாம் நல்லபடி. இனி மனிதர்களுக்குத் தடவ வேண்டும். அதுவும் நம் ஊர் மனிதர்களுக்கு. அங்கேதான் பயம்.

வருகிற டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, எட்டு வருஷமும் கடலில். என் கைடு யார் என்று கேட்காதே. சரி, கேள். ஷிபு. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் பெயில் போட்ட அதே ஷிபு, இன்று டாக்டர் ஷிபு. நான் அறைக்குள் போனால் அவன் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கிறான். நான் பழக்கதோஷத்தில் 'உட்காரு' என்கிறேன். அப்புறம் கையெழுத்து கேட்கிறேன்.

இருமலுக்குச் சுக்குவெந்நீர் குடிக்கிறாயா? காலுறை போடு. ஜெபத்தில் என்னை நினை. எலிகளையும் நினை.

உன் தங்கை,
லீமா


மடம்,
28 ஜனவரி 2024

இயேசுவில் அன்புள்ள லீமாவுக்கு,

கடவுள் கிருபையால் இருமல் விட்டது. காலுறை இரண்டு ஜோடி போடுகிறேன். உன் கடிதத்தை வாசித்து மதர் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்த்தது இது இரண்டாவது முறை.

பூரி தந்த அம்மாவுக்காக ஜெபித்தோம். பசியைப் பற்றி வீட்டில் பொய் சொன்னதற்காக உனக்காகவும்.

நான் பாட்டனி இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு இங்கே வந்தவள். ஆனாலும் ஒரு ஞாபகம். அந்தப் பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே படர்ந்தது என்று பாடத்தில் இருந்தது. ஆய்வேட்டை 'ஆதிகாலம் முதல்' என்று ஆரம்பிக்காதே.

பிப்ரவரி பதினாலில் தவக்காலம். ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வாங்குவதும் இல்லை என்பது உனக்குத் தெரியும். சிலுவைதாசனை விசாரித்ததாகச் சொல். அவன் சட்டையைத் தைத்துக் கொடு.

செபத்துடன்,
ரீத்தா


வடசேரி,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நீயும் மற்ற சிஸ்டர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தவிர எல்லோரும் சுகம்.

'ஆதிகாலம் முதல்' என்றுதான் ஆரம்பித்திருந்தேன். அடித்துவிட்டேன். ஆனால் மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும்கூட அங்கிருந்து வந்தவைதான். அவை நம் ஊர்ச் சாமான் இல்லை என்று கடற்கரையில் போய்ச் சொல்லிப் பார், மீன்கறிச் சட்டியோடு அடிக்க வருவார்கள்.

மனிதர்மேல் சோதிக்க அனுமதி தரும் குழு ஏழு மாதம் கேள்வி கேட்டுக் கடைசியில் தலையாட்டியது. நம் ஊரிலேயே நாற்பது தூண்டில்காரர்களைப் பிடித்தேன். தூண்டிலின் தங்கூசி நரம்பு அறுத்து அறுத்து அவர்கள் உள்ளங்கை எல்லாம் ரெயில்வே வரைபடம் மாதிரி இருக்கிறது. காயத்தை அளவெடுக்க அபிதா என்ற டாக்டர் வருகிறாள். சின்னப் பெண், அதட்டினால் கிழவர்கள் கையை நீட்டுகிறார்கள்.

ஏற்பாடு இதுதான். இருபது பேருக்குச் சிவப்பு மூடிக் குப்பி. இருபது பேருக்கு நீல மூடிக் குப்பி. ஒன்றில் பூண்டுச் சாறு சேர்த்துக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். மற்றதில் வெறும் தேங்காயெண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் கீரைச் சாறு. எதில் எது என்று எனக்கே தெரியாது. ஷிபு ஒரு கவரில் எழுதி ஒட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். "தெரிஞ்சா நீங்க முகத்துல காட்டிருவீங்க மிஸ்" என்றான். இந்த ஒரு விடைக்கு அவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

குப்பி கொடுத்த அன்று நேசபாய் வந்தாள். உன் வகுப்புக்காரிதானே, இப்போது மீன் விற்கிறாள், ஊரையும் அவள்தான் நடத்துகிறாள்.

"ஏட்டி லீமா, எனக்க மாப்பிளைக்கு நீலம், எதுத்த வீட்டுக்காரனுக்குச் சிவப்பு. எதுல மருந்து கூட?"

"எனக்குத் தெரியாது மைனி."

"ஒனக்கே தெரியாதா? அப்ப எட்டு வருசமா என்னத்தட்டி படிச்சே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஆனாலும் நாற்பது குப்பியும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. அக்கா, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நடையில் ஒரு துள்ளல் வந்திருக்கிறது. மூட்டுவலி என்கிறார் வீட்டுக்காரர்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதருக்கு வணக்கம்.

லீமா


மடம்,
12 மே 2024

இயேசுவில் அன்புள்ள லீமாவுக்கு,

நலம். இங்கே கேரட் விதைத்திருக்கிறோம்.

எதில் மருந்து இருக்கிறது என்று கொடுப்பவளுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது என்ற உன் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் இங்கே ஏறக்குறைய அப்படித்தான் வாழ்கிறோம்.

நேசபாயைக் கொஞ்சம் கவனி. நாலாம் வகுப்பில் அப்பா எனக்கு வாங்கித் தந்த கலர் சாக்பீஸை முப்பத்திரண்டாக ஒடித்து வகுப்புக்கே பங்கு வைத்தவள் அவள். எனக்கும் ஒரு துண்டு தந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

செபத்துடன்,
ரீத்தா


வடசேரி,
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே சாரல் பிடித்துவிட்டது.

இந்த வருஷம் பலாமரங்களில் சக்கைப்பழம் அப்படிக் காய்த்துக் கிடக்கிறது. வீட்டுக்காரரின் தங்கை ஒன்று தந்தாள், பக்கத்து வீட்டில் ஒன்று தந்தார்கள், கல்லூரி வாட்ச்மேன் ஒன்றை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டியே விட்டார். அதைக் கொண்டுவரும்போது பஸ் ஸ்டாண்டு முன்னால் கயிறு அவிழ்ந்து, பழம் உருண்டு, ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் காலடியில் போய் நின்றது. அவர் அதற்கு விசில் அடித்தார். பிறகு பாதியை அவருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சக்கைக்கொட்டையை வறுத்துப் பொடித்துப் புட்டில் சேர்க்கலாம் என்று எங்கேயோ வாசித்துச் செய்தேன். வீட்டுக்காரரின் பல் ஒன்று போயிற்று. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான் என்று பல் டாக்டரே சொன்னார். ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி ஓடுகிறது.

எதிர்வீட்டு ஸ்மைலினுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை கத்தாரில். பெண் பார்க்க வந்த அன்று அவர்களுக்கும் சக்கைப்பழம்தான்.

ஆய்வு போய்க்கொண்டிருக்கிறது.

மழையில் நனையாதே. மதருக்கு வணக்கம்.

லீமா


மடம்,
21 ஜூலை 2024

லீமா,

நான் சுகம். நீ சுகமில்லை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். சக்கைப்பழத்துக்கு இரண்டு பக்கம், பல்லுக்கு அரைப் பக்கம், ஆய்வுக்கு இரண்டு வார்த்தை. ஆய்வு போய்க்கொண்டிருக்கிறதாம். எங்கே போய்க்கொண்டிருக்கிறது, ஏட்டி?

(மதர், 'ஏட்டி' என்பது எங்கள் ஊரில் பாசமாகக் கூப்பிடுகிற சொல்.)

ரீத்தா


வடசேரி,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுக்களையில் நின்று வாசித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி நாற்பது பேருடைய அளவுகளையும் கூட்டிப் பார்த்தோம். சிவப்பு மூடிக்காரர்களுக்கும் நீல மூடிக்காரர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கவரைத் திறக்கவே அவசியமில்லை. புள்ளியியல் துறை முருகதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "மேடம், இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு ஒத்துப்போகாது" என்றார். பூண்டு போட்டாலும் கீரை போட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். எட்டு வருஷம் அக்கா. எலிகளுக்கு ஆறியது மனிதனுக்கு ஆறவில்லை.

ஷிபு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "மிஸ், பலன் இல்லைங்கறதும் ஒரு முடிவுதான். தலைப்பை மாத்திருவோமா?" என்றான். பெயிலானவனுக்கு நான் அன்று சொன்ன ஆறுதலைவிட அது நல்ல ஆறுதல். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். காலிக் குப்பிகளைத் திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும், அதை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று போன செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனேன்.

நேசபாய் நாற்பது குப்பியையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள்.

"நல்ல மருந்துட்டி. சொல்லப்பிடாது, எனக்க மாப்பிளைக்குக் கை பட்டு மாதிரி ஆச்சு. ஒருத்தனுக்கு ஒரு துளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் மைனி?"

"நான்தானே பங்கு வச்சேன்."

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது இதுதான். குப்பி கொடுத்த அன்றைக்குச் சாயங்காலமே, சிவப்பில்தான் மருந்து கூட என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நீல மூடி வீடுகளில் முணுமுணுப்பு. சண்டை வந்துவிடக் கூடாதே என்று நேசபாய் கோயில் விருந்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவை எடுத்துவந்து, நாற்பது குப்பியையும் அதில் கவிழ்த்து, துடுப்பால் கலக்கி, கரண்டியால் சமமாக அளந்து நாற்பதிலும் ஊற்றி, மூடி மாறாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன் மைனி?"

"ஏனா? ஒரு வள்ளத்துல ஏறினவன் எல்லாத்துக்கும் மீன் பங்கு உண்டா இல்லியா? காய்ச்சல்ல கிடந்து வராதவனுக்கும் பங்கு கொண்டு குடுக்குத ஊரு இது. மருந்து மட்டும் பாதிப் பேருக்கா? நீ வடசேரிக்குப் போயி எல்லாத்தையும் மறந்தாச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு நேசபாய் தந்த கட்டஞ்சாயா வந்தது. சாயா குடிக்கும்போதுதான் புரிந்தது: பூண்டு தோற்கவில்லை. இன்னும் யாரும் அதைச் சோதிக்கவே இல்லை.

ஆனால் டிசம்பருக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. மறுபடி இரண்டு நிறக் குப்பி கொடுத்தால் மறுபடி அண்டா வரும். வேறு ஊருக்குப் போகலாம் என்கிறான் ஷிபு. கன்னியாகுமரி முதல் நீரோடி வரை பங்கு வைக்காத ஒரு கடற்கரையைக் காட்டு, போகலாம் என்றேன். அவன் இன்னும் வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறான்.

எழுதாமல் மறைத்ததற்கு மன்னித்துக்கொள். நீ சுகமாக இரு. வீட்டுக்கு ஒருத்தியாவது சுகமாக இருக்க வேண்டும்.

லீமா


மடம்,
15 ஆகஸ்ட் 2024

இயேசுவில் அன்புள்ள லீமாவுக்கு,

மாதா திருநாள் வாழ்த்துகள். நான் நலம். அண்டா பகுதியை மதர் இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்தார்கள். இங்கே சாப்பாட்டு வேளையில் மௌனம் அனுஷ்டிக்க வேண்டும். அனுஷ்டிக்க முடியவில்லை.

இனிக் கேள். நாலு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு புது உரம் வந்தது. கேரட் பாத்தி பதினாறு, சிஸ்டர்கள் பதினாறு பேர், ஆளுக்கு ஒரு பாத்தி. எட்டுப் பாத்திக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று நான் சொன்னதும், கிடைக்காத எட்டுப் பேரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் மறுநாள் பார்த்தால் உரம் பதினாறு பாத்தியிலும் இருந்தது. யார் செய்தது என்று இன்றுவரை யாரும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த முறை நான் பாத்திகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு பாத்தியையும் நடுவில் கயிறு கட்டி இரண்டாக்கினேன். ஒரு பாதிக்கு உரம், ஒரு பாதிக்கு இல்லை. யாருக்கும் கூடவில்லை, குறையவில்லை.

உன் தூண்டில்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு கை இருக்கிறது. நரம்பு இரண்டையும் அறுக்கிறது.

எந்த வாசகத்தைத் தியானிக்கும்போது இது தோன்றியது என்று சொல்ல மாட்டேன்.

செபத்துடன்,
ரீத்தா


வடசேரி,
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம்தானே? நீ சுகமாகத்தான் இருக்க வேண்டும். நேசபாய் உன் பேரில் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறாள். வெற்றி அக்கா, வெற்றி.

உன் கடிதத்தை அப்படியே ஷிபுவின் மேஜையில் வைத்தேன். வாசித்தான். எழுந்து நின்றான். இந்தத் தடவை எனக்காக இல்லை. அன்றைக்கே விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். அனுமதிக் குழு ஒன்பதே நாளில் சரி என்றது. அவர்களுக்கு அண்டா கதை போய்ச் சேர்ந்திருந்தது. கேள்வி கேட்கும் தெம்பு இல்லை.

கை இரண்டிலும் காயம் உள்ள இருபத்துநாலு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு மூடி, ஒரு நீல மூடி; எதில் எது என்பது பீரோவில் பூட்டிய அதே பழைய கவரில். எந்தக் கைக்கு எது என்று கோயில் நடையில் வைத்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மணிக்கட்டில் அதே நிறத்தில் நூல் கட்டினோம். நேசபாய் இரண்டு குப்பியையும் தூக்கிப் பார்த்தாள், ஒவ்வொரு வீட்டிலும் பார்த்தாள், எல்லோருக்கும் சமம். "இப்பதான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள். அண்டா கோயிலிலேயே இருந்தது.

ஒரு சிக்கல் வந்தது. வலது கையால் இடது கைக்குத் தடவினால் விரலில் ஒட்டிய மருந்து அந்தப் பக்கமும் போய்விடுமே. நேசபாயே சட்டம் போட்டாள்: "பெஞ்சாதிமாரு தடவணும். மொதல்ல ஒரு கை, கழுவிட்டு மறு கை. எவளாவது மாத்தித் தடவினா நான் மீன் தரமாட்டேன்." அக்கா, இருபது வருஷமாக மாப்பிள்ளை கையைத் தொட்டுப் பார்க்காத பெண்கள் தினம் இரண்டு வேளை இரண்டு கையையும் மடியில் வைத்துத் தடவினார்கள். ஊரில் மூன்று பழைய சண்டைகள் தீர்ந்துவிட்டன. அதற்கு எந்த மூடி காரணம் என்று எழுத ஆய்வேட்டில் இடமில்லை. (மதர், மன்னிக்கவும்.)

ஏசுஅடிமை என்று ஒரு பெரியவர் மட்டும் தினமும் முறையிட்டார். "பிள்ளே, எனக்க எடது கைக்கு மருந்து பத்தல. வலது கை அதைப் பாத்துச் சிரிக்கி." அபிதா, "வலது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கோங்க தாத்தா" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு முடிந்தது. முருகதாஸ் சார் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. "மேடம், இருபத்துநாலில் இருபத்தொரு பேருக்கு நீல நூல் கை முந்தியிருக்கு. இது தற்செயல் இல்லை" என்றார். ஷிபு பீரோவைத் திறந்தான். கவரை ஓரம் பார்த்துப் பார்த்துக் கிழித்தான். நான் என் இரண்டு கையையும் நைசாக முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீலம். பூண்டு நீலத்தில்.

வெற்றி அக்கா. பியூன் லட்டு வாங்கி வந்தான். ஷிபு எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். நேசபாய்க்குப் போன் போட்டேன். "நீலமா? அப்பவே எனக்க மாப்பிளைக்கு நீலம்தானே கெடச்சு. அதைக் கொண்டு அண்டாவுல ஊத்தினேனே" என்று அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

இனி டிசம்பருக்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுதிவிடுவேன். ஜெயித்துவிட்டோம் அக்கா. வெற்றிதான்.

உன் தங்கை,
லீமா


மடம்,
24 நவம்பர் 2024

இயேசுவில் அன்புள்ள லீமாவுக்கு,

கடவுளுக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்த அன்று மதர் எங்களுக்குப் பாயசம் வைக்க அனுமதித்தார்கள். என் கேரட்டையே துருவிப் போட்டார்கள்.

என் பெயரை ஆய்வேட்டில் போடாதே. போட்டால் இங்கே எனக்குப் பெருமை வந்துவிடும், பிறகு அதைப் பிடுங்க ஒரு வருஷம் ஆகும்.

வெற்றி, ஜெயம் என்றெல்லாம் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணினேன். பூண்டு தடவிய கை எத்தனை நாள் முந்தி ஆறியது என்று ஓர் இடத்திலும் இல்லை. அதையும் எழுது.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரை மௌனம்.

செபத்துடன்,
ரீத்தா


வடசேரி,
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர் லீமா எழுதிக்கொள்வது. நீ நலமா? டாக்டர் லீமா நலம். (இன்னும் இரண்டு தடவை போட்டுக்கொள்கிறேன், பிறகு விட்டுவிடுவேன்.)

இத்தனை மாதம் வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பி ஒப்பேற்றிவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். ஆய்வேட்டை டிசம்பர் முப்பதாம் தேதி, கடைசி நாளுக்கு முந்தின நாள், பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட கிளார்க், "இன்னும் ஒரு நாள் இருக்கே மேடம், என்ன அவசரம்?" என்றார். பிறகு ஆறு மாதம் அவர்கள் வாசித்தார்கள், நான் நகம் கடித்தேன்.

போன புதன்கிழமை வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் போடுவது வழக்கம். யாரும் வர மாட்டார்கள் என்பதும் வழக்கம். நம் ஊரிலிருந்து ஒரு பஸ் வந்தது. இருபத்துநாலு தூண்டில்காரர்கள், இருபத்துநாலு பெண்டாட்டிகள், முன் வரிசையில் நேசபாய். வெளியூர்ப் பேராசிரியர் என்னைக் கேள்வி கேட்க வாயைத் திறந்ததும் நாற்பத்தொன்பது பேரும் அவரை முறைத்தார்கள்.

"வலது கை, இடது கை என்று பிரிக்கும் யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"ஒரு தோட்டக்காரி சொன்னார்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நன்றிப் பக்கத்திலும் 'மலைமேல் ஒரு தோட்டக்காரிக்கு' என்றுதான் போட்டிருக்கிறேன். அதற்கு எவ்வளவு பெருமை வருமோ அவ்வளவு பிடுங்கிக்கொள்.

"முதல் சோதனை ஏன் தோற்றது?"

நான் சொல்வதற்குள் நேசபாய் எழுந்துவிட்டாள். "தோக்கல்ல சாரே. நான் பங்கு வச்சேன். நீங்க எங்க ஊருல வந்து பாத்தியாளா? வராம எப்படித் தெரியும்?" பேராசிரியர் அவளுக்கு வணக்கம் சொன்னார். அந்த அண்டாவைப் பற்றி ஆய்வேட்டில் நான் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். இருப்பதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது என்றும், மற்ற ஆய்வாளர்கள் ஊருக்குள் போகுமுன் அதை வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஷிபு மேடையேறி, "இனி இவர் டாக்டர் லீமா" என்றான். பிறகு மைக்கை மூடிக்கொண்டு என் காதில், "எனக்குப் பெயில் போட்டதை இன்னைக்கு மன்னிச்சுட்டேன் மிஸ்" என்றான். அவனுடைய அந்தப் பழைய விடைத்தாளையே எடுத்துக் காட்ட நான் தயாராக இருந்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டது, வெங்காயமும் கையில் இல்லை.

சாயங்காலம் ஊரில் கொண்டாட்டம். கோயில் மணி அடித்தார்கள். வாணவேடிக்கை விட்டார்கள். ஆறு வள்ளங்களைக் கொடி கட்டிக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். ஃபிளெக்ஸில் என் படத்தைவிடப் பூண்டின் படம் பெரியது, அதற்கும் மேலே நேசபாயின் படம். அந்த அண்டாவிலேயே சோறு வடித்து ஊருக்கே விருந்து போட்டார்கள். எல்லோருக்கும் பங்கு சமம். எனக்கு மட்டும் ஒரு வறுத்த மீன் கூட வைத்தாள் நேசபாய். "டாக்டருக்கு" என்றாள். பக்கத்து இலைக்காரன் முறைத்ததும் அதை இரண்டாகப் பிய்த்து அவனுக்குப் பாதி கொடுத்தாள்.

தோட்டக்காரி ஒருத்தியின் தங்கை ஒன்பது வருஷம் கழித்து ஜெயித்தாள் என்று மடத்தில் உரக்க வாசிக்கச் சொல். மதருக்கும் பதினைந்து சிஸ்டர்களுக்கும் என் அன்பு. குளிர் தொடங்கிவிட்டால் காலுறை போடு.

உன் தங்கை,
டாக்டர் லீமா

பி.கு.: எத்தனை நாள் முந்தி ஆறியது என்று நீ போன நவம்பரில் கேட்டிருந்தாய். ஒன்றரை நாள். வெறும் எண்ணெய் தடவிய கை ஒன்பது நாளில் ஆறியது, பூண்டு தடவிய கை ஏழரை நாளில். நாங்கள் ஆளெடுத்தது சனிக்கிழமை சாயங்கால முகாமில். அதனால் பூண்டுக் கை ஆறினது அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை, மற்றது திங்கட்கிழமை. ஞாயிறன்று நம் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை; இரண்டு கைக்கும் திங்கட்கிழமைதான் வேலை.